பாராசிட்டமால் ஈரலைக் கெடுப்பது எப்படி? அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை
செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, எடை 48 கிலோ. போன புதன்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது. உடம்பு வலி, சளி. சாப்பாடு இறங்கவே இல்லை, நாலு நாளும் கஞ்சித் தண்ணீரும் டீயும்தான். 650 மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் இரவிலும் எழுப்பிக் கொடுத்தோம். சளிக்குக் கடையில் ஒரு மாத்திரை வாங்கினோம், நாளைக்கு மூன்று. முட்டி வலிக்கு அவர் எப்போதும் போடும் மாத்திரை காலையும் இரவும்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டது. அப்பாடா என்றிருந்தோம். அன்று சாயங்காலமே வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி. திங்கள் காலையில் கண் மஞ்சளாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஈரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 6,840, எஸ்.ஜி.ஓ.டி. 9,200, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 3.1. காமாலை வைரஸ், டெங்கு எதுவும் இல்லை. மருத்துவர் வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வரச் சொன்னார். பார்த்துவிட்டு, "மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது" என்றார். மருந்து ஈரலைத் தொடவில்லை, அது உடைந்து வரும் ஒரு நச்சுதான் இதைச் செய்தது என்றும் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அது என்ன நச்சு? எல்லா வீட்டிலும் இருக்கிற மாத்திரை எப்படி இவ்வளவு செய்யும்? மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது.

செல்வி_கரூர்
செவ்வாய், இரவு 10.05

தம்பி, நான் 22 வருடமாக மருந்துக்கடையில் இருக்கிறேன். கணக்கை மட்டும் நான் போடுகிறேன், மற்றதை மருத்துவர்கள் சொல்லட்டும். 650 ஆறு தடவை என்றால் 3,900 மில்லிகிராம். அதிலேயே ஒரு நாள் உச்சவரம்பான 4,000 கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சளி மாத்திரையில் வழக்கமாக 500 இருக்கும், மூன்று என்றால் 1,500. முட்டி வலி மாத்திரையில் 325, இரண்டுக்கு 650. மொத்தம் 6,050. அந்த 4,000 கூட நன்றாகச் சாப்பிடுகிற, போதிய எடை உள்ள பெரியவர்களுக்கானது. 48 கிலோ மனிதர், நாலு நாள் பட்டினி.

அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். உள்ளே என்ன மருந்து என்பது பின்னால் பொடி எழுத்தில். கடைக்கு வருகிறவர்களில் அதைப் படித்துப் பார்ப்பவர் மிகக் குறைவு. உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தச் சளி மாத்திரையைக் கொடுத்தவர் "காய்ச்சலுக்கு வேறு என்ன போடுகிறார்" என்று கேட்டிருக்க வேண்டும்.

குன்றத்தூர்க்காரன்
செவ்வாய், இரவு 11.20

நான் ஈரல் நோய்ப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவன். முதலில் சில கேள்விகள். அப்பா தெளிவாகப் பேசுகிறாரா? பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா? கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிக்கிறதா? சர்க்கரை அளவு பார்த்தார்களா? முறிமருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீன் சிரையில் ஏறுகிறதா?

இனி உங்கள் கேள்வி. நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பத்தில் ஒன்பது பங்கை ஈரல் இரண்டு நேர்வழிகளில் அனுப்பிவிடுகிறது. ஒன்றில் குளுக்குரோனிக் அமிலத்தையும் இன்னொன்றில் சல்ஃபேட்டையும் அதன்மேல் ஒட்டும். ஒட்டியதும் அது தண்ணீரில் கரையும், சிறுநீரில் போய்விடும். இதில் ஆபத்தே இல்லை. மீதி 5 முதல் 10 சதவீதம் மட்டும் சைப்-2இ1 என்ற நொதியின் கையில் சிக்குகிறது. அந்த நொதி அதை ஆக்சிஜனேற்றி வேறொரு பொருளாக மாற்றுகிறது. அதன் முழுப்பெயர் என்-அசிட்டைல்-பாரா-பென்சோகுயினோன் இமைன். நாங்கள் நாப்கி என்போம். உங்கள் மருத்துவர் சொன்ன நச்சு இதுதான்.

ஒரு மாத்திரை போட்டாலும் நாப்கி உண்டாகும். தலைவலிக்குப் போட்டுக்கொண்ட நம் எல்லோர் ஈரலிலும் அது உண்டாகியிருக்கிறது. ஆனாலும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் குளுட்டாதயோன். ஈரல் செல்லுக்குள் நிறையவே இருக்கும் ஒரு சிறு மூலக்கூறு. நாப்கி பிறந்த உடனே அதைப் பிடித்து, தன்னோடு பிணைத்துக்கொண்டு வெளியேறிவிடும்.

அளவு கூடும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சல்ஃபேட் வழி சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மற்ற வழியும் திணறுகிறது. அதனால் முன்பு 5 சதவீதம் போன பக்கவழியில் இப்போது அதிகம் போகிறது. நாப்கி கூடக்கூட குளுட்டாதயோன் செலவாகிக்கொண்டே போகிறது. இருப்பு ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நாப்கி செல்லின் சொந்தப் புரதங்களோடு ஒட்டத் தொடங்கும். பட்டினி கிடந்த உடம்பில் குளுட்டாதயோன் இருப்பு முதலிலேயே குறைவு. குளுக்குரோனிக் வழிக்கு வேண்டிய சர்க்கரைச் சரக்கும் குறைவு. உங்கள் அப்பாவுக்கு அளவும் கூடியது, காப்பும் குறைந்தது.

பவானி_டீச்சர்
புதன், காலை 6.15

வேதியியல் ஆசிரியையாக ஒன்று சேர்க்கிறேன். நாப்கி எலக்ட்ரானுக்குப் பசித்த மூலக்கூறு. கந்தக அணு எங்கே இருந்தாலும் அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். குளுட்டாதயோன் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது: குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின். நடுவில் இருக்கிற சிஸ்டீனில்தான் கந்தகம். ஒரு நாப்கிக்கு ஒரு குளுட்டாதயோன் போய்விடும், திரும்பி வராது. புதிதாகச் செய்வதற்குச் சிஸ்டீன்தான் தட்டுப்பாடு, மற்ற இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். என்-அசிட்டைல்சிஸ்டீன் முறிமருந்தாக வேலை செய்வது இதனால்தான். அது செல்லுக்குள் போய்ச் சிஸ்டீனாக மாறும், செல் அதை வைத்துக் குளுட்டாதயோன் செய்துகொள்ளும். குளுட்டாதயோனையே ஏற்றினால் அது செல்லுக்குள் சரியாக நுழையாது.

நான் வகுப்பில் தவறாமல் சொல்கிற ஒரு வரலாறு இதில் உண்டு. 1948ல் பெர்னார்ட் பிராடியும் ஜூலியஸ் ஆக்சல்ராடும் நியூயார்க்கில் அசிட்டனிலைடு என்ற பழைய காய்ச்சல் மருந்தை ஆராய்ந்தார்கள். உடம்பில் அது பாராசிட்டமாலாக மாறித்தான் வலியைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். பாராசிட்டமால் புகழ் பெற்றது அதற்குப் பிறகுதான். 1955ல் அமெரிக்காவில் டைலனால், 1956ல் பிரிட்டனில் பனடோல். அளவு மீறியவர்களுக்கு ஈரல் அழுகுகிறது என்ற முதல் செய்தி 1966ல்தான் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. பத்து வருடம் யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் 1973ல், அமெரிக்காவின் பெதஸ்டாவில், ஜெரி மிட்செலும் டேவிட் ஜாலோவும் எலிகளையும் சுண்டெலிகளையும் வைத்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த நொதிகளைத் தூண்டிவிட்டால் சேதம் கூடியது, தடுத்தால் குறைந்தது. ஆகவே குற்றவாளி மருந்து இல்லை, நொதி செய்யும் பொருள்தான் என்று தெரிந்தது. குளுட்டாதயோன் தீரும் வரை ஈரல் புரதங்களில் எதுவும் ஒட்டவில்லை என்பதையும் கண்டார்கள். அந்தக் கட்டுரைகளில் பிராடியின் பெயரும் இருக்கிறது. மருந்தின் நன்மையைக் காட்டியவரே 25 ஆண்டு கழித்து அதன் தீங்கின் வழியையும் காட்டினார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

தேன்மொழி79
புதன், காலை 8.30

மன்னிக்கவும், நடுவில் கேட்கிறேன். என் பாட்டி காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறது. இதற்கும் கொடுக்கலாமா?

குன்றத்தூர்க்காரன்
புதன், காலை 9.10

அம்மா, உங்கள் பாட்டி கண்டது பொய்யில்லை. ஊரில் வரும் காமாலை பெரும்பாலும் ஏ, இ வைரஸ்களால் வருவது. ஓய்வெடுத்தால் அதில் பெரும்பாலோருக்குத் தானே தேறிவிடும். இது வேறு விஷயம். இங்கே முறிமருந்து ஒன்று இருக்கிறது. அளவு மீறிய முதல் 8 மணி நேரத்துக்குள் அதைக் கொடுத்தால் ஈரல் ஏறக்குறைய முழுதாகத் தப்பிவிடும். அந்த நேரத்தை வேறு எதற்கும் செலவழிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு வெளியிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டாம்.

யாழ்நிலவன்
புதன், பகல் 12.45

எங்கள் பக்கம் பனடோல் என்றால்தான் எல்லோருக்கும் விளங்கும். டெங்குக் காலத்தில் இந்தப் பிரச்சினையை நேரில் பார்த்திருக்கிறேன். டெங்குக்கு ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் பனடோல் மட்டும்தான் குடிக்கலாம் என்று சொல்வார்கள். அது சரி. ஆனால் டெங்குக் காய்ச்சல் பனடோலுக்கு லேசில் இறங்காது. இறங்கவில்லை என்று ஆட்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குளிசை போடுகிறார்கள். டெங்கு வைரஸே ஈரலைத் தாக்கும். அதற்கு மேல் இதுவும் சேர்கிறது. என் மச்சானுக்கு ஈரல் எண்கள் ஏறியபோது எது வைரஸால், எது குளிசையால் என்று வைத்தியருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இப்போது எங்கள் வீட்டில் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம், ஆறு மணித்தியாலம் பார்த்துத்தான் குளிசை.

வைகைக்கரை
புதன், மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. டாக்டர், நீங்கள் கேட்டதை எல்லாம் பார்த்தேன். அப்பா பேசுகிறார், என்னை அடையாளம் தெரிகிறது, ஆனால் மந்தமாக இருக்கிறார். கை படபடக்கவில்லை. சர்க்கரை 68க்கு இறங்கியதால் குளுக்கோஸ் போட்டிருக்கிறார்கள். அந்த மருந்து திங்கள் இரவிலிருந்து ஏறுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் நெஞ்செல்லாம் சிவந்து தடித்துவிட்டது, நிறுத்தி மெதுவாக ஏற்றினார்கள்.

நல்ல செய்தி ஒன்று. எஸ்.ஜி.பி.டி. 3,900க்கு இறங்கிவிட்டது, எஸ்.ஜி.ஓ.டி. 2,400. பாதியாகிவிட்டது! ஐ.என்.ஆர். மட்டும் 3.4. கண்டம் தாண்டிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

குன்றத்தூர்க்காரன்
புதன், இரவு 8.00

தம்பி, ஒளிக்காமல் சொல்கிறேன். இன்னும் தாண்டவில்லை. எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் ஈரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். எண் இறங்கினால் புதிதாக உடைவது நின்றது என்று பொருள். அது தேறுவதாலும் இருக்கலாம், உடைய வேண்டியதெல்லாம் உடைந்து முடிந்ததாலும் இருக்கலாம். ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. ஒரு நாளுக்குள்ளேயே பாதியாகும், எஸ்.ஜி.பி.டி. பாதியாக ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். உங்கள் எண்கள் அப்படித்தான் இறங்கியிருக்கின்றன. ஆக, புதுச் சேதம் நின்றிருக்கிறது. அது நல்லதுதான்.

ஆனால் மிச்சமிருக்கும் ஈரல் வேலை செய்கிறதா என்பதை ஐ.என்.ஆர்.தான் சொல்லும். ரத்தம் உறைய வேண்டிய புரதங்களை ஈரல்தான் செய்கிறது. அவற்றில் ஏழாம் காரணி சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோவது. ஈரல் ஓயாமல் செய்துகொண்டே இருந்தால்தான் ஐ.என்.ஆர். இறங்கும். அதோடு ரத்தத்தின் அமிலத்தன்மை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், மனத்தெளிவு. இவற்றை வைத்து 1989ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் வகுத்த அளவுகோலைத்தான் ஈரல் மாற்று தேவையா என்று பார்க்க நாங்கள் இன்றும் எடுக்கிறோம். அப்பா அந்தக் கோட்டுக்கு வெகு தூரத்தில் இருக்கிறார். நாளைய ஐ.என்.ஆர். என்ன என்று கேட்டு எழுதுங்கள்.

சிவப்புத் தடிப்புக்குப் பயப்பட வேண்டாம். அந்த மருந்தில் முதல் மணி நேரத்தில் இது அடிக்கடி நடக்கும், நிறுத்தி மெதுவாக ஏற்றினால் அடங்கும். வழக்கமாக 21 மணி நேரம் ஏற்றுவோம். ஈரல் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் ஐ.என்.ஆர். தேறும் வரை நிறுத்துவதில்லை. தாமதமாகக் கொடுத்தாலும் பலனுண்டு. 1991ல் அதே கிங்ஸ் மருத்துவமனையில் மூளை வரை பாதித்த 50 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து பெற்ற 25 பேரில் 12 பேர் பிழைத்தார்கள். பெறாத 25 பேரில் 5 பேர்.

கீழவாசல்
புதன், இரவு 9.15

டாக்டர், புரதத்தோடு ஒட்டுகிறது என்றீர்கள். ஒட்டினால் செல் ஏன் சாக வேண்டும்? ஒட்டிக்கொண்டே இருந்துவிட்டுப் போகட்டுமே.

குன்றத்தூர்க்காரன்
புதன், இரவு 10.40

இந்தக் கேள்வியில் ஆராய்ச்சியாளர்களே பல வருடம் மாட்டிக்கொண்டார்கள். சும்மா ஒட்டுவது மட்டும் செல்லைக் கொல்லாது. எங்கே ஒட்டுகிறது என்பதில்தான் விஷயம். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் நாப்கி ஒட்டும்போது அந்த உலை கெடுகிறது. எரியாத ஆக்சிஜன் அங்கிருந்து தீவிரமான மூலக்கூறுகளாகக் கசிகிறது. அது நைட்ரிக் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற இன்னும் கடுமையான பொருளாகிறது. வழக்கமாக அதையும் அணைப்பது குளுட்டாதயோன்தான். அது ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அதோடு ஜே.என்.கே. என்ற ஒரு சமிக்ஞைப் புரதம் விழித்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்கே போய் இந்தக் கசிவைப் பெருக்குகிறது. கடைசியில் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு திறந்துகொள்ளும். சக்தி உற்பத்தி நின்றுபோகும். உள்ளிருந்து வெளியேறும் நொதிகள் கருவுக்குள் போய் டி.என்.ஏ.வைத் துண்டாக்கும். செல் ஊதி வெடிக்கும்.

இதெல்லாம் நடக்க நேரம் ஆகும். முதல் நாள் வாந்தி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பலர் இரண்டாம் நாள் தேறிவிட்டதாக எண்ணி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாம், நான்காம் நாளில்தான் ஈரல் எண்கள் உச்சிக்குப் போகும். முறிமருந்து நன்றாக வேலை செய்வதோ அந்த ஓசையில்லாத முதல் மணி நேரங்களில். எந்த வழியிலானாலும், யாராவது அளவுக்கு மேல் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டி வாருங்கள். மாத்திரை அட்டைகளையும் எடுத்து வாருங்கள்.

கீழவாசல்
புதன், இரவு 11.05

நன்றி டாக்டர். நான் தஞ்சாவூர்க்காரன், இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். ஈரல் முழுக்கச் சமமாகக் கெடுமா?

குன்றத்தூர்க்காரன்
வியாழன், காலை 6.50

தஞ்சாவூர்க்காரர் என்பதால் கடைமடை தெரிந்திருக்கும். ஈரல் ஆயிரக்கணக்கான சிறு பாத்திகளால் ஆனது. ரத்தம் பாத்தியின் ஓரங்களில் நுழைந்து நடுவிலிருக்கும் சிரைக்கு வடிகிறது. நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் கடைசியாகத்தான் கிடைக்கும். குளுட்டாதயோன் இருப்பும் அங்கே குறைவு. சைப்-2இ1 நொதியோ அங்கேதான் அதிகம். ஆகவே நடுப்பகுதி செத்துக் கிடக்கும், ஓரம் உயிரோடு இருக்கும். நுண்ணோக்கியில் அச்சடித்தது போலத் தெரியும். மிஞ்சிய ஓரத்துச் செல்கள் பிரிந்து பிரிந்து நடுவை நிரப்பிவிடும். பிழைத்தவர்களுக்கு ஈரல் வடுவில்லாமல் பழைய நிலைக்கு வருவது இதனால்தான்.

லெஸ்டர்_தமிழ்
வியாழன், காலை 11.30

இங்கே இங்கிலாந்தில் 1998லிருந்து மளிகைக் கடைகளில் ஒரு டப்பாவில் 16 மாத்திரைக்கு மேல் விற்கக் கூடாது, மருந்துக்கடையில் 32. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஊரில் அட்டை அட்டையாக வாங்கிய பழக்கம். அதற்குப் பின் வந்த 11 ஆண்டுகளில் இதனால் ஏற்படும் மரணங்கள் ஏறக்குறைய 43 சதவீதம் குறைந்தன என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் வேறு வழி: மருத்துவர் சீட்டுக்குத் தரும் கூட்டு வலி மாத்திரைகளில் பாராசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2011ல் சொன்னார்கள். அங்கே 1998 முதல் 2003 வரை திடீர் ஈரல் செயலிழப்போடு வந்த 662 பேரில் 275 பேருக்குக் காரணம் இந்த மருந்து. அவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானவர்கள் உங்கள் அப்பாவைப் போலத் தெரியாமல் கூடுதலாகப் போட்டவர்கள். நீங்கள் தனி ஆள் இல்லை, சகோ.

தேன்மொழி79
வியாழன், பகல் 1.10

படித்ததும் வீட்டில் இருந்ததை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன். இனிமேல் இந்த மாத்திரையே வேண்டாம்.

செல்வி_கரூர்
வியாழன், பகல் 2.20

அக்கா, அப்படிச் செய்யாதீர்கள். அளவோடு போட்டால் இதைவிடப் பாதுகாப்பான வலி மாத்திரை கடையில் இல்லை. மற்றவை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் முதலில் யோசிப்பது இதைத்தான்.

ஆனால் குழந்தை இருக்கிற வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 125 அல்லது 250. சிரப் தீர்ந்துவிட்டது என்று அதே அளவு சொட்டு மருந்தை ஊற்றினால் இரண்டு மடங்கோ நாலு மடங்கோ போய்விடும். அளவை வயதை வைத்துச் சொல்லாதீர்கள், எடையை வைத்துச் சொல்லுங்கள்: ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். வீட்டு ஸ்பூனில் ஊற்றவே கூடாது.

பூனை வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூனைக்கு அந்தக் குளுக்குரோனிக் வழி சரியாக வேலை செய்யாது. ஒரே மாத்திரையில் ரத்தம் பழுப்பாகிச் செத்துவிடும். பாவம் என்று பாலில் கலந்து கொடுத்துவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கீழவாசல்
வியாழன், மாலை 4.00

குடிப்பவர்களுக்கு? என் அண்ணனுக்காகக் கேட்கிறேன்.

குன்றத்தூர்க்காரன்
வியாழன், மாலை 6.10

தினமும் குடிப்பவரின் ஈரலில் சைப்-2இ1 கூடுதலாக இருக்கும், குளுட்டாதயோன் குறைவாக இருக்கும். சாராயம் உள்ளே இருக்கும்போது அந்த நொதி அதையே எரித்துக்கொண்டிருப்பதால் நாப்கி குறைவாக வரலாம். குடியை நிறுத்திய மறுநாளும் அதற்கு அடுத்த நாட்களும்தான் கவலை. நொதி அப்படியே இருக்கும், தடுக்கச் சாராயம் இருக்காது, சாப்பிட்டிருக்கவும் மாட்டார், தலைவலி மட்டும் இருக்கும். அண்ணனிடம் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும், அதுவும் இதே நொதியைக் கூட்டும்.

செல்வி அம்மா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் 4 கிராம் என்பதை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2006ல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கே 14 நாள் தினமும் 4 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. இயல்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டியது. யாருக்கும் ஈரல் செயலிழக்கவில்லை. ஆனாலும் சிறுத்த உடம்புக்காரருக்கு நான் 2, 3 கிராமோடு நிறுத்திவிடுவேன்.

வைகைக்கரை
வியாழன், இரவு 9.50

ஐ.என்.ஆர். 2.3. வெளியே ஓடி வந்து இதை எழுதுகிறேன்.

குன்றத்தூர்க்காரன்
வியாழன், இரவு 10.15

ஈரல் வேலையைத் தொடங்கிவிட்டது. இன்று தூங்குங்கள், தம்பி. கண் மஞ்சள் இன்னும் சில நாள் கூடுவது போலத் தெரியலாம், அந்த மஞ்சளைத் தரும் பிலிருபின் மெதுவாகத்தான் இறங்கும். பயப்படாதீர்கள்.

வைகைக்கரை
அடுத்த புதன், பகல் 3.20

இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐ.என்.ஆர். 1.2, எஸ்.ஜி.பி.டி. 310. கண்ணில் இன்னும் லேசான மஞ்சள். முட்டி வலிக்கு இப்போதைக்குத் தடவும் மருந்து மட்டும்தான். இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அந்த 1973 எலிகளைப் பற்றி இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மதியம் ரசம் சாதம் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.